வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே

முகக்கவசம் போட ஆரம்பித்த பிறகுதான் என் வாய் நாறுகிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

பல் துலக்கும்போது எச்சிலோடு ரத்தம் வருவது பழகிப்போயிருந்தது. கொய்யாப்பழத்தைக் கடித்தால் வெள்ளைச் சதையில் சிவப்பாக ஒரு கோடு விழும். ஐம்பதை நெருங்கினால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டிருந்தேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பயப்படுவதற்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்ததால், ஈறைப் பற்றி யோசித்ததே இல்லை.

கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து தொழிற்சாலை முழுதாக இயங்கத் தொடங்கியபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து கைலாசபுரம் வரை கம்பெனி பஸ்ஸில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு போய்வர வேண்டியிருந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும். ஜன்னல் திறந்திருந்தாலும் துணிக்குள் என் மூச்சு என்னிடமே திரும்பி வரும். பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீர் மாதிரி ஒரு வாடை. முதலில் துணியைத்தான் சந்தேகப்பட்டேன். துவைத்து வெயிலில் உலர்த்திய மாஸ்க்கிலும் அதே வாடை வந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

மனைவியிடம் கேட்டேன். அவள் மண்ணச்சநல்லூர்க்காரி, மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுவாள். அன்று மட்டும் தயங்கினாள்.

"இருக்குங்க. ரொம்ப நாளாவே இருக்கு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன். டாக்டரைப் பாத்துடுவோம்."

தில்லை நகரில் ஒரு பெண் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். தலை முதல் கால் வரை கவச உடை, முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு. டாக்டரின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டார்.

எக்ஸ்ரே பார்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தொழிற்சாலையில் கொதிகலன் குழாய்களை வெல்டிங் செய்து இணைப்பார்கள். அந்த இணைப்புகளைப் படம் எடுத்து, விளக்குப் பலகையில் வைத்து, உள்ளே பழுது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கறுப்பாகப் புள்ளியோ கோடோ தெரிந்தால் ஓட்டை அல்லது விரிசல். வருஷக்கணக்காகக் கறுப்பைத் தேடிப் பழகிய கண். அதனால் டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே, என் தாடை எலும்பு பற்களை விட்டுக் கீழே இறங்கியிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எலும்பு இருக்க வேண்டிய இடங்களில் கறுப்பு. இப்படி ஒரு குழாய் வந்தால் நான் ஒருநாளும் சரியென்று எழுதி அனுப்பமாட்டேன்.

"வலிக்கவே இல்லையே டாக்டர்?"

"வலிக்காதுங்க. அதனாலதான் எல்லாரும் லேட்டா வர்றாங்க. உங்களுக்குச் சர்க்கரை வேற. சர்க்கரை ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சர்க்கரை இறங்காது. ஈறை விலக்கி உள்ள வேர் வரைக்கும் சுத்தம் பண்ணணும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்யணும்."

ஊசி என்றதும் எனக்குக் கை வேர்த்தது. சின்ன வயதில் லால்குடியில் ஒரு முகாமில் இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். அந்தப் பிடி இன்னும் தோளில் இருக்கிறது. இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்தேன். சித்திரையில் ஆரம்பிப்பதாகப் பேச்சு.

சித்திரை வந்தபோது இரண்டாவது அலையும் வந்துவிட்டது. அவசர வேலை தவிர எதுவும் செய்வதில்லை என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கோயில் நடை பக்தர்களுக்கு அடைத்திருந்தது. எந்த நேரமும் ஜனம் இருக்கும் வீதிகளில் ஆம்புலன்ஸ் சத்தம்தான் கேட்டது. பஸ் பாலத்தைக் கடக்கும்போது ஓயாமாரி சுடுகாட்டுப் பக்கம் புகை எழும்பிக்கொண்டே இருக்கும். யாரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டோம். எங்கள் பிரிவில் ஒருவர் வெள்ளிக்கிழமை என்னோடு டீ குடித்தார். அடுத்த வாரம் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

மூக்கு வாசனை அறியாமல் போவதுதான் முதல் அறிகுறி என்று எல்லோரும் சொன்ன காலம் அது. வீட்டுக்கு வீடு காப்பிப்பொடி டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மாஸ்க்குக்குள் மூச்சை ஆழமாக இழுப்பேன். அந்த நாற்றம் வரும். அப்பாடா என்று இருக்கும். என் கெட்டுப்போன ஈறு எனக்குத் தினமும் காலையில் உயிர் உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

மாஸ்க் சரியாக மூடவில்லையோ என்று விரலால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுத்தேன். வெறும் காற்று. உப்புத் தண்ணீர் கொப்பளித்ததில் ஈறு ஆறிவிட்டது என்று ஒரு நிமிஷம் என்னை நானே ஏமாற்றிப் பார்த்தேன். பையில் ஊறுகாய் டப்பா இருந்தது. திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். அதிலும் ஒன்றும் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போனார். நான் திருவெறும்பூருக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

பரிசோதனையில் உறுதியானது. பின்கட்டு அறையில் தனியாகப் படுத்தேன். மனைவிக்கும் லேசான காய்ச்சல் வந்தது, ஆனால் நடமாட முடிந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லால்குடியில் விவசாயம் பார்க்கும் என் தம்பி மட்டும் தினமும் வண்டியில் வந்து, பாலும் சாப்பாடும் வாசல் கம்பிக் கிராதிக்கு வெளியே வைத்துவிட்டு, அங்கேயே நின்று கொஞ்ச நேரம் குரல் கொடுத்துவிட்டுப் போவான்.

காய்ச்சலோடு ஈறும் வீங்கியது. இருமி முடித்துத் துப்பினால் வாஷ்பேசின் சிவந்தது. நுரையீரல் கிழிந்து ரத்தம் வருகிறது என்றே முடிவுகட்டிவிட்டேன். மனைவி கதவுக்கு வெளியே நின்று, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பல் டாக்டருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இருமும்போதே வருதா, இல்லை துப்பும்போது மட்டுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"துப்பும்போது."

"கண்ணாடி முன்னாடி நின்னு கீழ் உதட்டை இழுத்துப் பாருங்க. எங்கேருந்து வருது?"

பார்த்தேன். பல் வரிசைக்குக் கீழே ஈறு கத்தரிப்பூ நிறத்தில் உப்பியிருந்தது. அதன் ஓரத்தில் ரத்தம் கசிந்து நின்றது.

"அது ஈறு ரத்தங்க, நெஞ்சு ரத்தம் இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், பதறாம கேளுங்க. வாய்க்கும் நெஞ்சுக்கும் ரொம்ப தூரம் இல்லை. தூங்கும்போது எச்சில் கொஞ்சம் கொஞ்சமா மூச்சுக்குழாயில இறங்கும். எல்லாருக்கும் இறங்கும். உங்க எச்சில்ல கிருமி ஜாஸ்தி. வைரஸ் ஏற்கனவே நுரையீரலைப் புண்ணாக்கியிருந்தா, அந்தப் புண்ணுல இதுவும் போய் உக்காரலாம்."

"அப்ப ஈறு கெட்டவனுக்கு இது முத்துமா டாக்டர்?"



"அப்படித்தான் இருக்கும்போலன்னு சில டாக்டர்கள் சொல்றாங்க. ஈறு வியாதியால உடம்புல ஏற்கனவே ஒரு அழற்சி இருக்கு, இது மேல அதுவும் சேர்ந்தா தாங்காதுன்னு. ஆனா உறுதியா என்னால சொல்ல முடியாதுங்க. ஈறு கெட்டவங்களுக்குப் பாதி நேரம் சர்க்கரையும் இருக்கும், வயசும் ஆயிருக்கும். எது எதனாலன்னு பிரிக்கறது கஷ்டம். காய்ச்சல்னு பல் விளக்காம மட்டும் படுத்துடாதீங்க. மெத்துன்னு ஒரு பிரஷ், ரெண்டு வேளை. உங்க பிரஷ்ஷைத் தனியா வைங்க. மூச்சு வாங்கினா என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

அவர் பதற வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கு மிஞ்சியது பதற்றம்தான். அதற்குப் பிறகு கண்ணை மூடவே பயந்தேன். தூங்கினால் எச்சில் இறங்கும். என் வாயில் இத்தனை வருஷமாக நானே வளர்த்த ஏதோ ஒன்று, நான் அசந்த நேரத்தில் சொட்டுச் சொட்டாக நெஞ்சுக்குள் போகும். தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே கிடந்தேன். எச்சில் ஊறினால் விழுங்காமல் துப்பினேன். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்படிக் காத்தும் மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே போனதைப் பார்த்த மனைவி, தன் காய்ச்சலையும் மறந்து துணிமணி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவளைப் பார்த்துக் கையசைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அதை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். என் தொழிலில் கறுப்புதான் பழுது. நெஞ்சுப் படத்தில் நேர் எதிர், காற்று நிறைந்த நல்ல நுரையீரல்தான் கறுப்பாக இருக்கும். என் படத்தில் இரண்டு பக்கமும் அடியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தில் கறுப்பைக் காணோமே என்று தேடினேன்.

மூக்கையும் வாயையும் மூடிய ஆக்சிஜன் மாஸ்க்கோடு ஒரு நீண்ட வார்டில் படுக்க வைத்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்தவர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். மாஸ்க்குக்குள்ளிருந்தே சத்தமாகப் பேசுவார்.

"சார், வெத்தலை போடாம வாய் என்னமோ மாதிரி இருக்கு சார். பல்லு வேற எல்லாம் ஆடுது. வீட்டுக்குப் போனதும் மொத்தத்தையும் எடுத்துட்டு புதுசா கட்டிக்கப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கும் ஈறு கெட்டிருக்கிறது என்ற நினைப்புத்தான் வந்தது. அதன்பின் அவர் ஒவ்வொரு முறை இருமும்போதும் அவர் மாஸ்க்குக்குள் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு காலையில் விழித்தபோது அவர் கட்டிலில் புதிதாக விரித்த நீல விரிப்பு. நர்ஸிடம் கையால் ஜாடை காட்டிக் கேட்டேன். "ஐ.சி.யூவுக்கு மாத்தியிருக்காங்க சார்," என்றார். அவர் அங்கிருந்து திரும்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கும் தைரியம் வரவில்லை.

அன்றுதான் அந்த நர்ஸ் என் பையைத் துழாவிவிட்டு, "பிரஷ் எங்க சார்? வாயெல்லாம் இப்படி வச்சிருக்கீங்க," என்று கேட்டார். பையில் எல்லாம் இருந்தது, பிரஷ் மட்டும் இல்லை. வீட்டு நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த நேரம் வீட்டில் நடந்ததை மனைவி பின்னால்தான் சொன்னாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். செல்போனில் ஆஸ்பத்திரி என்று பெயர் எழுந்து மணி அடித்திருக்கிறது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து தானாக வரும் போன் எதற்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மணி நின்று, மறுபடி அடித்திருக்கிறது. கிராதிக்கு வெளியே பால் பாக்கெட்டோடு நின்ற என் தம்பிக்குக் கேட்டுவிட்டது.

"அண்ணி, போன் அடிக்குது பாருங்க. எடுங்க."

"என்னால முடியாதுப்பா. நீயே எடுத்துப் பேசு."

போனைத் தரையோடு தள்ளிவிட்டாளாம். அவன் கிராதிக்கடியில் கைவிட்டுத் துண்டால் எடுத்துக் காதில் வைத்திருக்கிறான். அவன் முகத்தையே பார்த்திருக்கிறாள். அவன் உதடு கோணியதாம். அழத்தான் போகிறான் என்று நினைத்திருக்கிறாள்.

"அண்ணி... அண்ணன் நல்லாத்தான் இருக்காராம். பிரஷ் இல்லையாம். பிரஷ் கேக்கறாங்க அண்ணி."

"பிரஷ்ஷா?" என்று கேட்டுவிட்டு அவள் தரையில் படுத்துக்கொண்டாளாம். எழுந்திருக்க வெகுநேரம் ஆனதாம்.

தம்பி கடை கடையாய்த் தேடி, பாதி கதவைத் திறந்து வைத்திருந்த ஒரு மருந்துக் கடையில் சின்னப்பிள்ளைகள் வைத்துக்கொள்ளும் மெல்லிய பிரஷ் ஒன்றை வாங்கி ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். கைப்பிடியில் யானை பொம்மை போட்ட பிரஷ்.

நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு வந்தபோது இரண்டு கையாலும் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பல் விளக்க வேண்டுமானால் மாஸ்க்கை எடுக்க வேண்டும். நான் உயிரோடு இருப்பதே அந்த மாஸ்க்கால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போதுகூட இரண்டு வாய்க்கு ஒருமுறை மாட்டிக்கொள்கிறவன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் சிஸ்டர்."

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவீங்க. மூக்குல சின்னக் குழாய் வச்சு விடறேன், காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். நம்பர் பாத்துக்கிட்டே செய்யறேன். இறங்கினா உடனே மாட்டிடுவேன். என்னை நம்புங்க சார்."

"இறங்கிட்டா?"

"வாயை இப்படியே விட்டாலும் பயம்தான் சார். இருக்கற கிருமியெல்லாம் உள்ளதானே போகும்?"

எதற்கு அதிகம் பயப்படுவது என்றே தெரியாத ஒரு நிலை அது. மாஸ்க்கை எடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். எடுக்காவிட்டால் வாயில் இருப்பது நெஞ்சுக்குள் இறங்கிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

மாஸ்க் விலகியதும் கிணற்றில் விழுந்தவன்போல் கையைத் துழாவினேன். நர்ஸின் கையுறை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிரஷ் ஈறில் பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஒரு குழாயை வாயோரம் வைத்து ரத்தமும் எச்சிலுமாக உறிஞ்சினார். கருவி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நான் கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தேன். இறங்கிக்கொண்டிருந்தது. எழப் பார்த்தேன்.

"அதைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. மூக்கால இழுங்க... இன்னும்... அவ்வளவுதான்."

மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் ஈறு முழுக்கத் துடைத்துவிட்டு மாஸ்க்கை மாட்டினார். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. என் காதுக்குள் கண்ணீர் இறங்கியிருந்தது.

ஒவ்வொரு நாளும் இது நடந்தது. நர்ஸின் காலடிச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பேன். ஆனால் ஒருநாள்கூட அவர் விடவில்லை. மெதுவாகக் காய்ச்சல் இறங்கியது. மாஸ்க் போய் மூக்குக்குழாய் வந்தது, பிறகு அதுவும் போனது. மருந்துதான் காப்பாற்றியதா, ஆக்சிஜனா, அந்தப் பிரஷ்ஷா என்று வார்டு டாக்டரிடம் கேட்டேன். "எல்லாம்தான்," என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீடு திரும்பி, படியேறினால் மூச்சு வாங்காத நிலை வந்த பிறகு தில்லை நகருக்குப் போனேன். பல் டாக்டரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். என் ஈறால்தான் எனக்கு அவ்வளவு தூரம் முத்தியதா?

"தெரியலைங்க," என்றார். "தெரியும்னு சொன்னா பொய்யாயிடும். ஆனா அடுத்த தடவை சளிக் காய்ச்சல் எது வந்தாலும், இந்த ஈறோட அது உங்ககிட்ட வர வேண்டாம். அதை மட்டும் நாம பாத்துக்கலாம்."

நாற்காலியில் படுத்தேன். தோளில் பழைய பிடி வந்து உட்கார்ந்தது. "பயமா இருந்தா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்," என்றார். ஊசி நெருங்கும் முன்பே தூக்கினேன். நிறுத்தினார். மறுபடி தூக்கினேன், மறுபடி நிறுத்தினார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் கருவியைக் கீழே வைத்தார். சில வாரங்களில் எல்லாப் பக்கமும் சுத்தம் செய்து முடித்தார். கீழ்வரிசையில் காப்பாற்ற முடியாத இரண்டு பற்களை எடுத்தார். ரத்தக் கசிவு நின்றது. சர்க்கரையும் கொஞ்சம் கட்டுப்பட்டது.

பயம் மட்டும் முழுதாகப் போகவில்லை. ஐப்பசி கார்த்திகையில் பஸ்ஸில் யாராவது இருமினால் இன்னமும் என் நாக்கு தானாக ஈறைத் தடவிப் பார்க்கிறது.

கடைசி வேலை முடிந்த அன்று டாக்டர் என் மனைவியைப் பார்த்து, "நீங்களும் ஒரு தடவை காட்டிடுங்களேன்," என்றார். எனக்கு ஒன்றுமில்லை, வலியே கிடையாது என்று சிரித்துக்கொண்டுதான் அவள் உள்ளே போனாள். போகும்போது கைப்பையை என்னிடம் கொடுத்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. கம்பியால் ஆழம் பார்த்து டாக்டர் உதவியாளரிடம் சொல்லும் எண்கள் கேட்டன. முதலில் சின்ன எண்கள். பிறகு பின்பக்கப் பற்களுக்கு வந்ததும் பெரிய எண்கள். எண் பெரிதானால் அந்த இடத்தில் ஈறு கெட்டிருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும்.

ஒரு முறை அவள் "அம்மா" என்றாள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து கதவருகே போய் நின்றேன்.

"என்னங்க, வெளியிலதானே இருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இங்கதான் இருக்கேன். பயமா இருந்தா கையைத் தூக்கு," என்றேன்.